பச்சை லைட் எரிந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறதா?

‘நாளை மின்தடை’ என்ற பெட்டிச் செய்தியைக் கோயம்புத்தூர்க்காரர்கள் பேப்பரைப் பிரித்ததும் தேடிப் படித்த காலம் ஒன்று இருந்தது. 2012-ல் அந்தச் செய்திக்கே அவசியமில்லாமல் போனது. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. லேத் பட்டறைகள் நின்றன. விசைத்தறிகள் நின்றன. ஊருக்கெல்லாம் கிரைண்டர் செய்து அனுப்பும் ஊரில், மாவரைக்கக் கரண்ட் வரும் நேரம் பார்த்து ராத்திரி எழுந்தார்கள். கொங்குப் பக்கம் எத்தனையோ வீடுகளில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் குடும்ப உறுப்பினராகச் சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான்.

இப்போது கதை வேறு. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தி, சாயங்காலம் கொடுக்கிறார்கள். மற்றபடி காற்றோ மழையோ அடித்தால் அரை மணி நேரம் போகும், வரும். அதனால் அந்த இன்வெர்ட்டர் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்கும் பழைய செருப்புகளுக்கும் நடுவே, யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடக்கிறது. ஷட்டவுன் அன்று ஒன்பது மணிக்குக் கரண்ட் போகிறது. பத்து மணிக்குள் ‘கீ... கீ...’ என்று கத்திவிட்டு வீடு இருட்டாகிறது.

“நேத்துக்கூடப் பச்சை லைட்டு எரிஞ்சுட்டுத்தானுங்க இருந்துச்சு!”

பேட்டரி மெக்கானிக்குகள் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

பச்சை லைட் பொய் சொல்லவில்லை. ‘பேட்டரி நிரம்பிவிட்டதா’ என்ற ஒரு கேள்விக்குத்தான் அது பதில் சொல்கிறது. ‘இந்தப் பேட்டரி இப்போது எவ்வளவு கொள்ளும்’ என்பது வேறு கேள்வி. அதற்கும் லைட்டுக்கும் சம்பந்தமில்லை.

கோவைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கக் குளத்தைக் காட்டினால் போதும். நொய்யல் தண்ணீரை வாங்கிவைக்கும் குளங்களில் வருஷக்கணக்காக வண்டல் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒரு மழைக்கே குளம் ததும்பும். கரையில் நின்று பார்ப்பவருக்குக் கண் நிறையத் தண்ணீர். ஆனால் ஆழம் இல்லை; ஒரு வெயிலில் வற்றிவிடும். 2013-ல் உக்கடம் பெரியகுளத்தில் ஊர்மக்கள் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கித் தூர்வாரியது இதற்காகத்தான். வயதான பேட்டரியும் அப்படித்தான். சார்ஜில் போட்டால் சீக்கிரமே ‘ஃபுல்’ ஆகிவிடும். புது பேட்டரியைவிடச் சீக்கிரமாகவே ஆகும். அதைப் பார்த்து சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு.

இன்னொரு விஷயம், இது வெறும் உவமை அல்ல. பேட்டரிக்குள் ஈயத் தகடுகளிலிருந்து உதிரும் தூள், நிஜமாகவே அடியில் வண்டலாகப் படிகிறது. குளத்தைத் தூர்வாரலாம். பேட்டரியைத் தூர்வார முடியாது.

படகில் இருப்பதும் இதுவேதான்

கடல் இல்லாத ஊரில் படகைப் பற்றிப் பேசுவானேன் என்று தோன்றலாம். வாலாங்குளத்தில் படகு சவாரி வந்துவிட்டது என்றாலும் பெடல் படகுக்குக் கால்தான் பேட்டரி. ஒகேனக்கல் பரிசலுக்கு அந்தக் கவலையே இல்லை. ஆனால், பேட்டரியின் ஆரோக்கியத்தை எப்படிப் பார்ப்பது என்ற விஷயத்தில் படகுக்காரர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நடுக்கடலில் மெக்கானிக் கிடைக்கமாட்டார், அதனால்.

கார் பேட்டரியின் வேலை சில நொடிகள்தான். சாவியைத் திருப்பியதும் பெரிய கரண்டைக் கொடுத்து இன்ஜினை எழுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். அதற்காக அதன் தகடுகள் மெல்லியவை. விளக்கு, வயர்லெஸ், ஜி.பி.எஸ். என்று மணிக்கணக்காக ஓட்ட வேண்டிய படகு பேட்டரிக்கும், மின்விசிறி ஓட்டும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் தகடு தடிமனாக இருக்க வேண்டும். ஒன்று நூறு மீட்டர் ஓட்டக்காரர், மற்றது மூட்டை தூக்குகிறவர். மலிவாகக் கிடைக்கிறதென்று கார் பேட்டரியை இன்வெர்ட்டரில் மாட்டினால் சில மாதங்களிலேயே படுத்துவிடும்.

பாக் நீரிணையில் இரவில் மீன் பிடிக்கும் படகில் பேட்டரி இறங்கினால் ஜி.பி.எஸ். அணைந்துவிடும். எல்லைக்கோடு எந்தப் பக்கம் என்று தெரியாது. அங்கே அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியிலிருந்து ஓடும் ‘ஆதித்யா’ சூரிய மின்படகு 75 பேரை ஏற்றிக்கொண்டு முழுக்க முழுக்க பேட்டரியை நம்பித்தான் வேம்பநாட்டுக் காயலைக் கடக்கிறது.

வீட்டில் என்ன பெரிய ஆபத்து, விசிறி நின்றால் விசிறிமட்டை இருக்கிறது என்று சொல்லலாம்தான். ஆனால் பல வீடுகளில் இன்றைக்கு இன்வெர்ட்டரை நம்பி ஓர் உயிர் இருக்கிறது. மூச்சுக் கோளாறுள்ள பெரியவருக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஐந்து லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். புதிய 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்று அதை மூன்று மணி நேரம் போலத் தாங்கும், வேறெதுவும் ஓடாவிட்டால். அதே பேட்டரி பாதி செத்திருந்தால் ஒரு மணி நேரம்கூடச் சந்தேகம். பச்சை லைட் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் எரியும். அப்படிப்பட்ட வீட்டில் பேட்டரியைச் சோதிக்காமல் விடுவது, சிலிண்டரில் காற்று இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதற்குச் சமம். பேட்டரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அங்கே மாற்று சிலிண்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

மீட்டர் வைத்துப் பார்ப்பது

டவுன்ஹால் பக்கம் எந்த எலெக்ட்ரிகல் கடையில் கேட்டாலும் சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். அதை டி.சி. வோல்ட் பக்கம் திருப்பி, சிவப்பு முனையை பேட்டரியின் ப்ளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வைத்தால் எண் வரும். எளிதுதான். ஆனால் பத்தில் ஒன்பது பேர் தவறான நேரத்தில் அளக்கிறார்கள்.

சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அளந்தால் 13.5, 14 என்று காட்டும். அது சார்ஜரின் வோல்ட்டேஜ், பேட்டரியுடையது அல்ல. சார்ஜை நிறுத்திய உடனே அளந்தாலும் மேலே மிதக்கும் சக்தியைத்தான் காட்டும்; அடுப்பிலிருந்து இறக்கிய பால் பொங்கித் தெரிவதைப்போல. இன்வெர்ட்டரின் பிளக்கை எடுத்து, அதன் முன்பக்க சுவிட்சையும் அணைத்து, நான்கைந்து மணி நேரமாவது பேட்டரியை ஓய்வில் விட வேண்டும். ராத்திரி அணைத்து, காலையில் காபிக்கு முன்னால் அளப்பது உத்தமம். ராத்திரி கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உதவாது, அதை மட்டும் வீட்டில் சொல்லிவைத்துவிடுங்கள். கான்சென்ட்ரேட்டர் உள்ள வீட்டில் ராத்திரி வேண்டாம், ஆள் பக்கத்தில் இருக்கும் பகல் வேளையில் செய்யுங்கள்.

தண்ணீர் ஊற்றும் வகை ட்யூபுலர் பேட்டரி முழு சார்ஜில், ஓய்வில், 12.5 முதல் 12.7 வோல்ட் வரை காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12.0-க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்டக் காலி. இடைவெளியைக் கவனியுங்கள். நிறைகுடத்துக்கும் காலிக்குடத்துக்கும் நடுவே முக்கால் வோல்ட்கூட இல்லை. அதனால்தான் ‘12 வோல்ட் இருக்குதுங்க, நல்லாத்தான் இருக்குது’ என்று யாராவது சொன்னால் அதை நம்பக் கூடாது.

முழு இரவு சார்ஜ் செய்தும், ஓய்வுக்குப் பிறகு 10.5 பக்கம் காட்டுகிறதா? அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரி என்பது உள்ளே ஆறு அறைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். ஐந்து அறைகள் மட்டும் வேலை செய்தால் 10.5. ஓர் அறை செத்துவிட்டது என்று அர்த்தம். ஐந்து அறைகள் நன்றாக இருந்தும் பயனில்லை.

அறைக்கு அறை ஒரு சொட்டு

மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் மல்டிமீட்டரைவிட நல்ல சாட்சி ஒன்று உண்டு, ஹைட்ரோமீட்டர். பெரிய இங்க் ஃபில்லர்போல் இருக்கும் கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு மிதவை. பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் வைத்துப் பார்க்கிறார்களே, அதே தத்துவம்தான். பாலில் தண்ணீர் கலந்தால் மிதவை இறங்கும். பேட்டரியில் சார்ஜ் குறைந்தால் ஆசிட்டின் ஒரு பகுதி தகடுகளுக்குள் போய்விடும், மிச்சமுள்ள திரவம் தண்ணீராக நீர்க்கும், மிதவை இறங்கும். மாட்டுப்பால் ஊற்றிப் பழகிய கொங்குக் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

இன்வெர்ட்டர் ட்யூபுலர் பேட்டரி நிரம்பியிருந்தால் பொதுவாக 1.240 பக்கம் காட்டும். சரியான எண் பேட்டரியோடு வந்த அட்டையில் இருக்கும். 1.180-க்குக் கீழே என்றால் அரைவயிறு. ஆனால் ஒரு அறையின் எண்ணைவிட ஆறு எண்களையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐந்து அறைகள் 1.240, ஒன்று மட்டும் 1.200 என்றால், எந்த அறை முதலில் போகப்போகிறது என்று இன்றைக்கே தெரிந்துவிடும். 0.030-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் முழுதாக ஒரு நாள் சார்ஜ் போட்டு, மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அதே அறை பின்தங்கினால் பேட்டரிக்குப் பணம் சேர்க்க ஆரம்பிக்கலாம். அந்த அறையே மற்றவற்றைவிடச் சீக்கிரம் தண்ணீர் குடிக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

தண்ணீர் ஊற்றிய கையோடு ஹைட்ரோமீட்டர் வைக்காதீர்கள். மேலே மிதக்கும் வெறும் தண்ணீரைத்தான் அது உறிஞ்சும். வெயில் மத்தியானத்திலும் எண் கொஞ்சம் குறைவாகவே வரும். அளக்கும்போது கண்ணாடி அணிவதும் ரப்பர் கையுறை போடுவதும் கௌரவக் குறைச்சல் அல்ல. ஆசிட் ஒரு சொட்டு சேலையில் பட்டால், அது துவைத்த பிறகுதான் ஓட்டையாகத் தெரியும். கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஷட்டவுன் நாள் ஓர் இலவசப் பரிட்சை

மேலே சொன்ன இரண்டும் பேட்டரியின் வயிறு நிறைந்திருக்கிறதா என்று காட்டும். வயிறு எவ்வளவு பெரியது என்பதை அறிய ஒரே வழி, வேலை கொடுத்துப் பார்ப்பதுதான். படகுக்காரர்கள் இதற்கென்று ஒரு நாள் ஒதுக்கி, தெரிந்த லோடை மாட்டி, கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். கொங்கு வீட்டுக்கு அந்த நாளை மின்வாரியமே அறிவித்துவிட்டுத் தருகிறது.

எப்படி? முதல் நாள் இரவே பேட்டரி நிரம்பியிருக்கட்டும். கரண்ட் போனதும், எப்போதும் ஒரே பொருட்களை மட்டும் ஓடவிடுங்கள். உதாரணத்துக்கு, 75 வாட் விசிறி இரண்டு, 20 வாட் எல்.இ.டி. ட்யூப் மூன்று, 10 வாட் வைஃபை பெட்டி. மொத்தம் 220 வாட். தொடங்கிய நேரத்தையும், சரியாக ஒரு மணி நேரம் கழித்து லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் காட்டும் வோல்ட்டையும், அலாரம் கத்திய நேரத்தையும் காலண்டரில் அந்தத் தேதிக்கட்டத்திலேயே எழுதிவிடுங்கள். தினசரி காலண்டர் என்றால் கிழித்துவிடுவோம். மாதக் காலண்டர் நல்லது.

புதிய 150 ஏ.ஹெச். பேட்டரி இந்த லோடில் ஐந்து மணி நேரம் போல ஓடும். 150-ஐ 12-ஆல் பெருக்கினால் 1800 வாட் ஹவர் வருகிறது, 220 வாட்டுக்கு எட்டு மணி நேரம் ஓட வேண்டாமா என்று கணக்குப் போடும் பிள்ளைகள் வீட்டில் இருக்கலாம். அட்டையில் இருக்கும் அந்த 150 பெரும்பாலும் இருபது மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் கணக்கு. அவசரமாக இறக்கினால் அவ்வளவு தராது. இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் சாப்பிடும். அதனால்தான் பழைய விசிறிகளைக் கழற்றிவிட்டு, 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி மாட்டிய வீடுகளில் அதே பேட்டரி ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் நிற்கிறது. புது பேட்டரி வாங்குவதற்கு முன் இந்த வழியை யோசிப்பது நல்லது.

முதல் முறை ஐந்து மணி நேரம் வந்தது, இந்த முறை நான்கு என்றால் எண்பது சதவீதம். பேட்டரி உலகத்தில் எண்பது என்பதுதான் ஓய்வு வயது. அன்றைக்கே தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு சரிவு வேகமாக இருக்கும். மூச்சுக்கருவி உள்ள வீடு எண்பதிலேயே மாற்றிவிடுவது நல்லது. மற்றவர்கள் அறுபது வரை பார்க்கலாம்.

இந்தப் பரிட்சையை வருஷத்துக்கு இரண்டு முறை முழுதாகச் செய்தால் போதும். மற்ற ஷட்டவுன் நாட்களில் ஒரு மணி நேர வோல்ட் மட்டும் எழுதினால் தாராளம். அலாரம் கத்திய பிறகு அணைத்து அணைத்துப் போட்டு, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. கிரிக்கெட் மேட்ச் அன்று கேட்கவே வேண்டாம். பேட்டரிக்கு அதைவிடக் கொடுமை கிடையாது.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் எல்லாம் சரியாகிவிடாது. காலியான 150 ஏ.ஹெச். பேட்டரி நிரம்பப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். போட்டது அத்தனையும் திரும்பியும் வராது. கொங்கு மண்டலத்தின் மிகப் பெரிய ‘பேட்டரி’ ஆனைமலையில் இருக்கிறது: காடம்பாறை. மிச்சமிருக்கும் கரண்டில் தண்ணீரைக் கீழிருந்து மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் எடுக்கும் நிலையம். 1980-களின் கடைசியில் வந்தது. அங்கேயும் ஏற்றச் செலவான கரண்ட் முழுதாகத் திரும்பாது. வீட்டு பேட்டரியும் அப்படியே. அதனால், ஷட்டவுன் முடிந்த அன்று இரவே மறுபடி கரண்ட் போனால் பேட்டரியைத் திட்டாதீர்கள்.

சிறுவாணித் தண்ணீர் வேண்டாம்

பராமரிப்பில் பாதி, தண்ணீர். சார்ஜ் முடியும் கட்டத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவாகப் பிரிந்து போகிறது. ஆசிட் போவதில்லை, தண்ணீர்தான் போகிறது. ஆகவே, ஊற்ற வேண்டியதும் தண்ணீர்தான். ‘ஆசிட் கொஞ்சம் ஊத்துனா பவர் ஏறுமுங்க’ என்று சொல்லும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அன்றைக்கு ஹைட்ரோமீட்டரில் எண் ஏறும், தகடு அரிக்கும்.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் கோவையில் ஒரு தனிப் பிரச்னை. சிறுவாணித் தண்ணீரைப்போல உலகத்தில் உண்டா என்ற பெருமை இங்கே ரத்தத்தில் ஊறியது. ‘அதைவிடச் சுத்தம் எது?’ என்று குழாயிலிருந்து பிடித்து ஊற்றிவிடுகிறார்கள். குடிக்க அது அமிர்தம்தான். அந்தச் சுவையைத் தருவதே அதில் கரைந்திருக்கும் துளித்துளி உப்புகள்தான். அவைதான் பேட்டரிக்கு ஆகாது. குளோரைடு தகட்டை அரிக்கும். இரும்பு இருந்தால், சும்மா இருக்கும்போதே சார்ஜ் கசியும். சிறுவாணிக்கே இப்படியென்றால் ஆயிரம் அடி போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரும் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் டிஸ்டில்டு வாட்டர் ஆகிவிடாது. கடையில் கேன் ஒன்றின் விலை, ஒரு டிபன் விலைகூட இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை மிதவைகளைப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் மாதம் ஒரு முறை. சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்னாலேயே விளிம்பு வரை ஊற்றினால், சார்ஜ் ஏறும்போது பொங்கி, ஆசிட்டோடு வெளியே வழியும். தகடே வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், தகடு மூழ்க முதலில் கொஞ்சம் ஊற்றி, சார்ஜ் முடிந்த பின் மிச்சத்தை நிரப்பலாம்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, மைனஸை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் மூடி வழியே உள்ளே போகக் கூடாது. ஸ்பானரைத் தொடும் முன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். தாலிக்கொடி நீளமாகத் தொங்கினால் ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் இரண்டு முனைக்கும் நடுவே தங்கம் பட்டால் ஒரு நொடியில் பழுத்துவிடும், தோலோடு.

பிரிந்து வரும் வாயுவில் ஹைட்ரஜன் இருக்கிறது. காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்குக் காத்திருக்கும். காற்றோட்டமில்லாத மரக் கபோர்டுக்குள் பேட்டரியைப் பூட்டி வைப்பது தவறு. வெள்ளிக்கிழமை சாம்பிராணிக் கரண்டியை மூலைமுடுக்கெல்லாம் காட்டும் வீடுகளில், மாடிப்படி மூலையை மட்டும் விட்டுவிடலாம். கார்த்திகை விளக்கும் அங்கே வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, பேட்டரி பெட்டி உப்பியிருந்தாலோ, கிட்டே போகாமல் மெயினை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஆறு மாதம் அமெரிக்கா போகிறவர்களுக்கு

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் இது சகஜம். மகளுக்குப் பிரசவம், பெற்றோர் இருவரும் ஆறு மாதம் கிளம்புகிறார்கள். பாதுகாப்புக்காக மெயினை அணைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். இன்வெர்ட்டர் சுவிட்ச் ஆனில் இருந்தால், கரண்ட் போய்விட்டதாக நினைத்து அது பேட்டரியை உறிஞ்ச ஆரம்பிக்கும். இரண்டு, மூன்று நாளில் காலி. மிச்ச மாதங்கள் முழுக்கக் காலி வயிற்றோடு கிடக்கும். அப்போது தகடுகளில் படியும் ஈய சல்ஃபேட், உப்பளத்தில் உப்பு இறுகுவதைப்போல் கெட்டியாகிவிடும். அதன் பிறகு சார்ஜ் போட்டாலும் கரையாது. போன வருஷம் வாங்கிய பேட்டரி, ஒரு நாள்கூட உழைக்காமலேயே செத்திருக்கும்.

படகுகளுக்கும் இதே சோதனை வருஷா வருஷம் வருகிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்தக் கோடையில், பேட்டரியைப் படகிலேயே விட்டால் தானாகவே சார்ஜ் இறங்கும். கழற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து, மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றிவைத்தால் ஜூன் 15-ம் தேதி காலை நம்பி ஏறலாம்.

வீட்டுக்கும் அதேதான். கிளம்புமுன் தண்ணீர் நிரப்பி, முழு சார்ஜ் ஏற்றி, இன்வெர்ட்டரை அணைத்து, மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பியிடமோ சொந்தக்காரரிடமோ சாவி இருந்தால், மாதம் ஒரு நாள் வந்து மாட்டி, சார்ஜ் போட்டுவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள்.

இரட்டை பேட்டரி வைத்திருப்பவர்கள் ஒன்று மட்டும் போய்விட்டதென்று ஒன்றை மட்டும் மாற்றுவது, நொண்டி மாட்டோடு புது மாட்டைப் பூட்டுவதைப்போல. புதியதும் சீக்கிரமே நொண்டும். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் வேலை இல்லை. ஆனால் வோல்ட் கடைசி வரை இறங்காமல் நின்று திடீரென்று விழும் என்பதால் மல்டிமீட்டர் பரிட்சை அதற்குச் செல்லாது. ஷட்டவுன் நாள் கடிகாரப் பரிட்சை மட்டும்தான் வழி.

கரண்ட் பில் பற்றியும் ஒரு வார்த்தை. சும்மா இருக்கும் இன்வெர்ட்டர் 15 வாட் இழுத்தால், இரண்டு மாதத்துக்கு 21 யூனிட்டைத் தாண்டுகிறது.  வயதான பேட்டரி நிரம்பிய பிறகும் கரண்டைச் சூடாக்கி வீணாக்கும் என்பதால் இன்னும் கூடும். உச்சிவெயிலில்லாத காலையில் பேட்டரியின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள். கரண்ட் போகாத நாளிலும் கதகதப்பாக இருந்தால் அது நோயாளி.

மாற்றும்போது பழையதைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதற்கு நல்ல விலை உண்டு, புது பேட்டரிக் கடையிலேயே கழித்துக்கொள்வார்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. தெருவோரம் உடைத்து, ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டி, ஈயத்தை உருக்கும் இடங்களில் அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அங்கே விளையாடும் குழந்தைகள்தான். கடைக்காரர் எடுத்துக்கொண்ட பழைய பேட்டரிக்குப் பில்லில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புது பேட்டரியின் முதல் ஷட்டவுன் நேரத்தைக் காலண்டரில் குறிக்கவும் மறக்க வேண்டாம்; அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்தான் தேவைப்படும்.